மகாராணி பறந்த வெள்ளிக்கிழமை

மாமாவின் வண்டியில் முன்சீட்டு எப்போதும் மகாராணிக்குத்தான். நான் பின்னால். தலையில் தோல் தொப்பியும் காலில் வாரும் போட்டுக்கொண்டு, தனக்கென்று வைத்த கட்டையின் மேல் நின்றபடி அவள் வருவாள். மகாராணி ஒரு வல்லூறு. மாமா டிரைவராக இருந்த வீட்டு அரபி, நாங்கள் அர்பாப் என்று சொல்லும் முதலாளி, குளிர் தொடங்கும்போது பிடித்துப் பழக்கிய வேட்டைப் பறவை. அவளுக்குப் பாஸ்போர்ட்கூட உண்டு. அதுவும் மாமாவின் பாஸ்போர்ட்டும் அர்பாப் வீட்டில் ஒரே அலமாரியில் இருந்தன.

"ரெண்டுல எது மேல இருக்குன்னு மட்டும் கேக்காதே மருமவனே" என்பார் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வாப்பாவுக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மாமா என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வேட்டைக் காலம் முழுக்க மகாராணியை அரைவயிற்றில்தான் வைத்திருந்தார்கள். பசி இருந்தால்தான் கைக்குத் திரும்பும். குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியதும் அர்பாப் என்ன நினைத்தாரோ, தினமும் காடை காடையாக ஊட்டினார். அவள் மினுமினுத்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அர்பாபும் வந்தார். தைத் என்ற ஊரைத் தாண்டி, மணல் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் நிறுத்தினோம். அர்பாப் தலையை ஆட்ட, மாமா கத்தியை எடுத்து மகாராணியின் கால்வாரை அறுத்தார். தொப்பி கழன்றது. அர்பாப் கையை உயர்த்தினார்.

வழக்கமாக ஒரு வட்டம் அடிப்பாள். அன்று வட்டமே இல்லை. நேராக வடக்கே போனாள். புள்ளியானாள். பிறகு அதுவும் இல்லை.

வாரை அறுத்தது மாமா. பறவையைக் காணோம். கலாஸ், எல்லாம் முடிந்தது! விசா கேன்சல், மாமா ஊருக்கு, உம்மா ஒப்பாரி. எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்கு இனி வெள்ளிக்கிழமைச் சவாரி கிடையாது. ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு காடையை உருவிக்கொண்டு மணல்மேட்டில் ஓடினேன். ஒரு செருப்பு மணலோடு போயிற்று. ஊருக்கு லீவில் போனபோது கோழி அடைக்கக் கற்ற ஒரே வித்தையைக் காட்டினேன்.

"பா... பா... பா... பா!"

தமிழ் புரியாதோ என்று "கம், கம்!" என்றேன். அரபியில் "யல்லா!" என்றும் சொல்லிப் பார்த்தேன். வானம் அசையவில்லை. திரும்பி ஓடிவந்து, காடையும் கையுமாக அர்பாபின் முன்னால் நின்று கதறினேன்.

"அர்பாப், மாமா குட்! பேர்ட் பேட்!"

அர்பாப் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தார். மணல் விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பாதி அரபியும் பாதி இந்தியுமாக அவர் ஏதோ சொல்ல, மாமா எனக்குத் தமிழாக்கினார்.

"இனிமே அது குஞ்சு பொரிக்கிற காலமாம். வடக்கே போயி பொரிச்சு வளத்தாத்தானே வர்ற குளிருக்கு இந்தப் பக்கம் பறவை வரும்? புடிச்சவன் எல்லாம் கையிலயே வச்சுக்கிட்டா இவரு பேரன் எதை வச்சு வேட்டையாடுவான்? இவுக வாப்பாவும் சீசன் முடிஞ்சா விட்டுருவாராம்."

"அப்ப உங்களை அனுப்ப மாட்டாரா?"

"என்னை எதுக்குடா அனுப்புறாரு? முதல்ல அந்தக் காடையைக் கீழ போடு, நாறுது."

உயிர் வந்தது. வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாஸ்போர்ட்டை எடுக்காம போயிருச்சே மாமா?"

பையன் என்ன கேட்கிறான் என்று அர்பாப் கேட்டார். மாமா சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. போய் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னை முன்னால் ஏறச் சொல்லிக் கைகாட்டினார்.

மாமாவுக்கு ஊரில் ஒரு மகள் பிறந்து, அதற்குள் நடக்கவே தொடங்கியிருந்தாள். அவர் அவளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். இது எனக்கும் தெரியும். ஆனால் பறவைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அதனால்தான், பறவைக்குச் சொந்தக்காரரே வண்டியில் ஏறிய பிறகும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மாமா மட்டும் ஏன் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. முன்சீட்டு கிடைத்த அவசரத்தில், எட்டி ஹாரனை அடித்தேன்.