தேரன்று ஏறிய வோல்ற்றேஜ்

மின்சார அலுவலகத்தில் என் வேலை நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது. எந்த ஊர்க் கம்பியில் வோல்ற்றேஜ் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அது கோடு போட்டுக் காட்டும். இத்தனை ஊரையும் கவனிக்கிற எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிவது மட்டும் தெரியாது என்பார் வீட்டுக்காரர். உண்மைதான்.

புத்தூரில் எங்கள் ஒழுங்கை ஒரு சின்னத் தெரு. அதில் அநேகமாக எல்லாக் கூரையிலும் சோலார் பனல் இருக்கிறது. என் கூரையிலும் உண்டு. உச்சி வெயிலில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளும். அதை எடுத்துச் செலவழிக்க ஆளிராது. வோல்ற்றேஜ் ஏறும், ஒழுங்கையின் கடைசியில் மிக அதிகமாக. அந்தக் கடைசியில் என் வீடு, எதிரே ஒரு தையற்காரியின் வீடு. பள்ளிச் சீருடை தைத்து இரண்டு மகள்மாரைப் படிக்க வைப்பவள். மெஷினுக்கும் அயன் பெட்டிக்கும் கரண்ட் காசு கட்டியே களைத்துப்போய் அவளும் சோலாருக்கு விண்ணப்பித்தாள். கம்பி இனித் தாங்காது என்று அலுவலகம் மறுத்துவிட்டது. மறுப்புக் கடிதத்தை எழுதியது நான்.

அவள் சண்டைக்கு வரவில்லை. என் வாசல் படலையில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாற்றை கூரையிலையும் படுற வெயில் என்ரை கூரையிலை பட்டால் மட்டும் பிழையோ, அக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அடுத்த நாளே அவளுக்காகக் கேட்டு மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சரி, கடைசிக் கரண்ட் போஸ்ற்றிலை ஒரு மீற்றரைப் பூட்டி ஒரு கிழமை பாப்பம்," என்றார். "வோல்ற்றேஜ் எல்லையைத் தாண்டாட்டில் அவவுக்குக் குடுப்பம். ஒருக்காத் தாண்டினாலும் பிறகு நீங்கள் உந்தக் கதையோடை வரக்கூடாது."

அப்படியென்றால் மத்தியானத்தில் ஒழுங்கை மின்சாரத்தைத் தின்ன வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினேன். தண்ணீர் மோட்டரை மத்தியானம் போடச் சொன்னதும், வெங்காயத் தோட்டம் வைத்திருந்த ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உச்சி வெயிலிலை வெங்காயத்துக்கு ஆர் பிள்ளை இறைக்கிறது? அவிஞ்செல்லோ போகும்!"

"தொட்டியை நிரப்பி வையுங்கோ ஐயா. பின்னேரம் பாய்ச்சலாம்."

"ஓம், அது செய்யலாம்."

ஆறு நாள் மத்தியானமும் ஒழுங்கை உறுமியது. மோட்டர், சலவை இயந்திரம், மிளகாய் அரைக்கிற கிரைண்டர். என் திரையில் கோடு நல்ல பிள்ளையாகக் கிடந்தது. நான் அலுவலகத்தில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூட நடந்தேன்.

ஏழாம் நாள் எங்கள் கோயில் தேர். மேகத்தைக்கூடக் கணக்கில் சேர்த்த நான் தேரை மறந்துபோனேன். ஒழுங்கையே வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலில் நின்றது. பட்டுச்சேலையில் நானும் நின்றேன். மத்தியானம் நெருங்க, அரோகராச் சத்தத்துக்கு நடுவே போனில் அந்த மீற்றரைத் திறந்து பார்த்தேன். கோடு எல்லைக்குக் கிட்டப் போய்விட்டது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒழுங்கையில் ஒரே ஒரு வீடுதான் திறந்திருந்தது. தையற்காரி, அயன் பண்ணி அடுக்கிய சீருடைகளையே பிரித்துத் திரும்ப அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். மின்விசிறிகள் சுழன்றன, கேத்தல் கொதித்தது, உள்ளே ஒன்றுமில்லாத கிரைண்டர் சுற்றியது.

"இனி என்னத்தை அக்கா போடுறது? வீட்டிலை வேறை ஒண்டும் இல்லை," என்றாள். கண் கலங்கியிருந்தது.

கோடு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஊரெல்லாம் செலவழிக்கச் சொல்லித் திரிந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே ஓடிப்போய் என் வீட்டுச் சோலாரை நிறுத்தினேன். கோடு எல்லையைத் தொடாமலே கீழே விழுந்தது. அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டேன், பட்டுச்சேலையோடு.

அடுத்த நாள் மேலதிகாரி திரையில் கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்து என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப உந்த வேலையையே ஒழுங்காச் செய்யுங்கோ. சனம் இல்லாத நாளிலை முறை வைச்சுச் சோலாரை நிப்பாட்ட எல்லாருக்கும் சம்மதமெண்டால், அவவுக்கும் குடுக்கலாம்."

ஒழுங்கை முழுக்கச் சம்மதித்தது. அனுமதிக் கடிதத்தையும் நானே எழுதிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"நிப்பாட்டுற பட்டியலிலை என்ரை வீட்டை முதலாவதாப் போடுங்கோ அக்கா."

"முதலாவது என்ரை வீடு."

"அப்ப ரெண்டாவது," என்றாள். "வாற வருசம் ரெண்டையும் நிப்பாட்டிப்போட்டுச் சேர்ந்து தேருக்குப் போவம். இந்தமுறை நான் பாக்கேல்லை."