வளையத்தைக் கழற்றிய செலவு

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் திங்கள்கிழமை எடை பார்க்கும் நாள். நாற்காலி வைத்த எடைக் கருவியை அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போவோம். போன வாரத்தைவிட ஒரு பாட்டி கொஞ்சம் இளைத்திருந்தால் போதும், சமையலறைக்குச் சொல்லி, மருத்துவருக்குச் சொல்லி, மகளைத் தொலைபேசியில் அழைத்து, ஓட்ஸ் கஞ்சியில் கிரீம் சேர்த்து, இல்லமே பரபரப்பாகிவிடும். அதே நாற்காலியைப் பிறகு எங்கள் ஓய்வறைக்குக் கொண்டுபோய் நாங்கள் ஏறிப் பார்ப்போம். அங்கே யாராவது இளைத்திருந்தால் கைதட்டல். நான் முதன்முதலாக இளைத்தபோது கூட வேலை பார்த்த அயர்லாந்துக்காரி ஒருத்தி தோளில் தட்டி, "ஃபேர் பிளே டு யூ!" என்றாள். ஏதோ ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, எனக்கு விளையாடத் தெரியாதே என்றேன். 'நீ கெட்டிக்காரி' என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வருடம் ஊருக்கு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலைக்குப் போனபோது, ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் முதல் எதிர் வீட்டு அக்காள் வரை எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன மக்கா, இப்பிடி மெலிஞ்சு போனே? வல்ல தீனமும் உண்டா?"

தீனம், அதாவது நோய், ஒன்றுமில்லை. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம் போட்டிருந்தேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு என் உடம்பு இறங்கவே இல்லை. இரவுப் பணியும், நின்றபடி தின்னும் வெண்ணெய் ரொட்டியுமாக முழங்கால்கள் படி ஏற மறுத்தன. பெல்ஜியத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது, வெள்ளிக்கிழமை போய்த் திங்கள்கிழமை வேலைக்கு வந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். போனேன். வளையம் இறுகினால் கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடும், நிறைந்தபின் ஒரு வாய் அதிகம் போனால் நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றுவிடும். அயர்லாந்து அதற்கு வசதியான நாடு. ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு மூலை. நான் எத்தனை கரண்டி தின்றேன் என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஊரில் என் அண்ணனுக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன். அமரவிளை ரோட்டோரம் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். பின்னால் லாரிகளின் இரைச்சல். "அண்ணா, வயித்துல பேண்டு போட்டிருக்கேன்" என்றேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை. "நல்லது மக்கா. கொஞ்ச நாளு போட்டுட்டு எடுத்திரு" என்றான். எவ்வளவு எளிதாகப் புரிந்துகொண்டான் என்று எனக்கு அன்று பெரிய ஆறுதல். மைனியிடமும் சொல்லிவிடு என்றேன். சொல்லுதேன் என்றான்.

மைனி என்றால் அண்ணனின் மனைவி, லதா மைனி. காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது நான் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம் ரயிலிறங்கி வீட்டுக்கு வருவேன். பூவாரிலிருந்து வரும் சாளை மீனைக் குடம்புளி போட்டு வற்ற வைத்து, வீட்டில் எல்லோருக்கும் விளம்பி முடித்தபின், அடியில் குழம்பு ஒட்டியிருக்கும் மண்சட்டியில் சோற்றைக் கொட்டிப் புரட்டி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். "எடி பிந்து, சட்டி காயிறதுக்கு முன்ன வா." அடுக்களைத் தரையில் சட்டியை நடுவில் வைத்து இரண்டு பேரும் ஒரே சட்டியில் கைவிட்டுத் தின்போம். அந்த வீட்டில் பேசப்படாத எல்லாமே அங்கேதான் பேசப்பட்டன. அவளுக்கு முதல் கர்ப்பம் கலைந்ததை என்னிடம் சொன்னதும், நான் வெளிநாட்டுத் தேர்வில் தோற்றுவிட்டதை அவளிடம் மட்டும் சொன்னதும் அங்கேதான். எனக்குக் கூடப்பிறந்தது அண்ணன் மட்டும்தான் என்றாலும், கூடவே இருந்தவள் மைனி. இன்றைக்கும் வீடு என்று நினைத்தால் கட்டடம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. சட்டியின் விளிம்பில் மோதிக்கொள்ளும் இரண்டு கைகள்தான் வருகின்றன.

வளையத்தோடு போன பயணங்களில் முதலில் காலை வாரியது சோறுதான். மரச்சீனிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, அதைவிட மோசம். ஒரு உருண்டை விழுங்கியதும் நின்றுவிடும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், எழுந்து ஓட வேண்டும். மைனி பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். பிறகு அவள் மகளின் கல்யாணம் வந்தது. நெய்யாற்றின்கரையில் மண்டபம். எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்தான சத்யையில் கடைசியில் இலையில் போளி வைத்து, அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றுவார்கள். போளியை விரலால் பிசைந்து பாயசத்தோடு அள்ளித் தின்பதற்காகவே முந்திய பந்தியில் இடம் பிடிப்பவர்கள் உண்டு. மணப்பெண்ணின் அத்தை என்பதால் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்து, மைனியே பக்கத்தில் நின்று போளி வைத்தாள். ஆசையில் ஒரு வாய் எடுத்துவிட்டேன். அது நின்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, எல்லோரையும் தாண்டி, கைகழுவும் இடத்துக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது என் இலை அப்படியே கிடந்தது. "வெளிநாட்டுல கெடக்கவளுக்கு நம்ம சாப்பாடு எறங்குமா?" என்று உறவுக்காரி ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. மைனிக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் என் இடத்துக்கு முன்னால் ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஜாம் பாட்டிலும் இருந்தன. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் நான் வருவதற்கு முந்தின நாள் அண்ணன் பேக்கரியிலிருந்து ரொட்டி வாங்கி வந்துவிடுவான். என் நிலைமை தெரிந்து மைனி மெத்தென்று எதையோ வாங்கி வைக்கிறாள் என்றே நினைத்தேன். உண்மையில் வளையக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் கெடுதல் ரொட்டிதான், பசை மாதிரி அடைத்துவிடும். அதைச் சொல்லி அவளை வருத்துவானேன் என்று காக்கைக்குப் போட்டேன். சட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தொலைபேசியில் எங்கள் பேச்சு மழையும் பிள்ளைகளின் படிப்புமாகச் சுருங்கியது.

போன வருடம் வளையம் கெட்டது. தண்ணீரே நிற்க ஆரம்பித்தது. படுத்தால் புளித்த நீர் மூக்குக்கு ஏறும், நான்கு தலையணையில் சாய்ந்தே தூங்கினேன். இங்குள்ள மருத்துவர் படத்தைப் பார்த்து, வளையம் இடம் மாறியிருக்கிறது என்றார். போட்டவர்களிடமே போய் எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்றார். போட்டவர்கள் கிளினிக்கை மூடிவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. அரசு மருத்துவமனையில் காத்திருப்போர் வரிசை நீளம். தனியாரில் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு என் கணவர், "போடுறதுக்கு ஆனத விட எடுக்கதுக்கு ரெண்டு மடங்கா?" என்று வாய் பிளந்தார். நானாகப் போட்டுக்கொண்டது என்பதால் காப்பீடு கையை விரித்தது. இதைப் படிக்கும் வெளிநாட்டு நர்சுமாரில் யாராவது இதே யோசனையில் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: போடும் விலையை எல்லோரும் விளம்பரத்தில் போடுகிறார்கள், எடுக்கும் விலையை நாமாகத்தான் கேட்க வேண்டும். கடைசியில் வருடாந்திர விடுப்பைச் சேர்த்து எடுத்து ஊருக்கு விமானம் ஏறினேன்.

நெய்யாற்றின்கரையைத் தாண்டி நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனை. கூட ஒரு பைஸ்டாண்டர் கட்டாயம் வேண்டும் என்றார்கள், நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு அங்கே அதுதான் பெயர். பெண்கள் வார்டில் அண்ணன் இருக்க முடியாது. மைனி பையில் இரண்டு விரிப்பும் ஃபிளாஸ்க்கும் எடுத்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் என் மலையாளத்தைக் கேட்டதும், "சேச்சி தமிழ்நாட்டில் நின்னாணோ?" என்றாள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்களா என்கிறாள். இல்லை, பாறசாலை என்றேன். அடையாள அட்டை கேட்டாள். அயர்லாந்து பாஸ்போர்ட்டை நீட்டினேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு வேறு கட்டணம் என்றாள், பிறகு என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்து, "அப்போ சேச்சி சரிக்கும் எவிடெயா?" என்றாள். உண்மையில் நீங்கள் எந்த ஊர்? பின்னாலிருந்து மைனி முன்னே வந்தாள். "அவ எங்க வீட்டுப் பிள்ளையாக்கும். வீட்டு அட்ரஸ எழுது மோளே." கட்டணம் குறையவில்லை. ஆனால் அட்டையில் எங்கள் வீட்டு விலாசம் ஏறியது.

குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரைப்பையின் உள்ளே, இருக்கக் கூடாத இடத்தில், வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. வளையம் சுவரைத் தின்றுகொண்டு உள்ளே இறங்கிவிட்டது, தள்ளிப்போட முடியாது, எடுத்துவிட்டு இரைப்பையைத் தைக்க வேண்டும், நாட்களும் கூடும் என்றார். இளவயதுக்காரர், தன்மையாகப் பேசினார். "எடுத்து கழிஞ்ஞால் விசப்பு திரிச்சு வரும், கேட்டோ" என்றார். விசப்பு என்றால் பசி. எடுத்துவிட்டால் பசி திரும்ப வரும், எடையும் வரும், வேண்டுமானால் பிற்பாடு வேறொரு அறுவை செய்யலாம் என்றார். அயர்லாந்தின் கைதட்டல்கள் ஒரு கணம் காதில் கேட்டன. முழங்கால்களையும் நினைத்தேன். இது மட்டும் போதும் டாக்டர் என்றேன்.

அறுவை நினைத்ததைவிட நீண்டது. கண் விழித்தபோது வயிற்றில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். மைனி கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் மூடி போட்ட சிறிய பாட்டில். மருத்துவர் வெளியே வந்து அவளிடம் காட்டி விளக்கிவிட்டுக் கொடுத்தாராம். உள்ளே, மஞ்சள் ஏறிய, கறை பிடித்த வளையம்.

"இதாக்குமா அந்த பெல்ட்டு?" என்றாள்.

"எந்த பெல்ட்டு மைனி?"

"ஒங்க அண்ணன் சொன்னாரு, நீ இடுப்பு ஒடுங்கதுக்கு பெல்ட்டு கெட்டியிருக்கேன்னு. எங்க போனாலும் அவுக்க மாட்டேன்னு. கல்யாணத்தன்னிக்கு நீ எலையில இருந்து எந்திரிச்சு ஓடுனதும் நான் மொதல்ல சமையக்காரன வைதேன். பெறவு இவரு பெல்ட்டு காரியம் சொன்னாரு. பெறவு ஒன்ன வைதேன். ஒரு நேரம் அத அவுத்து வச்சிட்டு என் கையால ஒரு வாய் தின்னா இவளுக்கு என்ன கேடுன்னு." பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். "இது உள்ள கெடந்துதா? இத்தன வருசமா?"

"அண்ணன்ட்ட சொன்னேனே மைனி. ஒங்களுக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன். அதனாலதான் ரொட்டி வாங்கி வைக்கியன்னு."

"எனக்கென்ன தெரியும்? எங்க கஞ்சியும் கிழங்கும் வேண்டாம்னா, ஒனக்குப் பழக்கமுள்ளத தின்னுன்னு தேசியத்துல வச்சதாக்கும் அந்த ரொட்டி."

கோபத்தில் வைத்த ரொட்டியை நான் கரிசனம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்து உயிர் போனது. "சிரிக்காத, கெடந்து சிரிக்காத, தையலு விட்டுப் போவும்" என்று என் தோளை அமுக்கிய மைனியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அப்புறம் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மாலையில் பார்க்க வந்த அண்ணனுக்கு வார்டு வாசலிலேயே மைனியிடம் வசவு கிடைத்தது. "எனக்கு லாரி சத்தத்துல கேக்கலட்டீ" என்று அவன் கெஞ்சுவது உள்ளே வரை வந்தது.

குழாய்கள் எடுக்கும் வரை வாய்வழியாக எதுவுமில்லை. அந்த நாட்களில் மைனி என் கண்ணெதிரே ஒரு வாயும் சாப்பிடவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய் எதையாவது தின்றுவிட்டு வருவாள். பிறகு ஒரு காலையில் கஞ்சித்தெளி கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை அவள் ஆற்றி, ஒரு கரண்டி ஊட்டினாள். நான் பழக்கத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, நிற்கப் போகிறது என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. வெதுவெதுப்பாக, உப்போடு, நெஞ்சைக் கடந்து, வயிறு வரைக்கும் இறங்கிப்போனது. "எறங்குதா?" என்றாள் மைனி. தலையாட்டினேன். "அப்போ இன்னொரு கரண்டி."

பணக்கணக்கைக் கேட்பவர்களுக்கு: கையில் கொண்டுபோனது போதாமல் கணவர் மேலும் அனுப்ப வேண்டியிருந்தது. விமானச் செலவையும் சம்பளமில்லாத நாட்களையும் சேர்த்தால் அயர்லாந்தில் கேட்டதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மிச்சம் பிடிக்கப் போனவள் மிச்சம் பிடிக்கவில்லை. ஆனால் அயர்லாந்தில் எடுத்திருந்தால் அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்க்க வெளியே மைனி நின்றிருக்க மாட்டாள். அவள் இன்னும் என்மேல் கோபத்திலேயே இருந்திருப்பாள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தைத்த இரைப்பை ஆற வேண்டும், பல வாரங்களுக்குச் சோறு கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விடுப்பு அதற்குமுன் முடிந்துவிட்டது. கஞ்சியும் குழைத்த பழமுமாகவே ஊரிலிருந்து கிளம்பினேன். கழற்ற வேண்டியதைக் கழற்றியாயிற்று. சாப்பிட வேண்டியது அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்.

மருத்துவர் சொன்னபடி பசி திரும்பி வந்துவிட்டது. நேரம்தான் தப்பு. காலைப் பணிக்குக் கிளம்புமுன் வீட்டில் நன்றாகவே சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். ஆனாலும் இங்கே காலை ஏழரை மணிவாக்கில், அதாவது பாறசாலையில் மதியம் ஒரு மணிக்கு உலை வடித்துச் சோறு விளம்பும் நேரத்தில், வயிறு கூப்பிடுகிறது. நேற்று ஒரு பாட்டிக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அது உரக்கவே சத்தம் போட்டது. அவருக்குக் காது மந்தம், அவருக்கே கேட்டுவிட்டது. "ஏன் பெண்ணே, காலைச் சாப்பாடு சாப்பிடவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது சாப்பிட்டேன். இது மதியச் சாப்பாட்டுக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே இன்னும் விடிந்திருக்கவில்லை.