பனிக்குள் இறங்கிய பொங்கல் பானை

மொன்றியலில் எங்கள் முதல் தைப்பொங்கல் சரிவரவில்லை. வெளியே இடுப்பளவு பனி. குசினிக்குள் மின்சார அடுப்பில் பானையை வைத்தோம். பால் எழும்பி வருகிற நேரம் பார்த்துக் கூரையில் இருந்த புகை மணி அலறியது. நான் பதறிப்போய் அடுப்பை நிறுத்திவிட்டேன். விளிம்பு வரை வந்த பால் அப்படியே அமர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்தக் கெட்ட செய்திக்கும் என் மனைவி அந்தப் பானையையே காரணம் சொன்னாள். மார்ச் கடைசியில் எங்கள் அகதி விசாரணை. அதற்கு முன் சூரியன் பார்க்க ஒரு பானை பொங்கி வழியவேண்டும், இல்லாவிட்டால் விசாரணை அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று நின்றாள்.

கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரி, பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்பவர். வசந்தம் பிறக்கும் நாளில் தானும் கூட்டாளிகளும் வீட்டுப் பின்வளவில் நெருப்பு மூட்டிச் சூரியனை வரவேற்பதாகக் கையாலும் அரை ஆங்கிலத்தாலும் சொன்னார். கிறிஸ்துவுக்கும் முந்திய சமயமாம். சூரியன், நெருப்பு என்ற இரண்டு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. பானையோடு வருகிறோம் என்றேன்.

போனால், இருபது பேர். ஒருவர் தலையில் மான்கொம்பு. பெண்கள் கம்பளித் தொப்பிக்கு மேல் கடதாசிப் பூ வைத்திருந்தார்கள். குளிர்காலம் என்று ஒரு வைக்கோல் பொம்மை எரிந்துகொண்டிருந்தது. காற்சட்டைக்கு மேல் வேட்டியும் அதற்கு மேல் குளிர்கோட்டுமாகப் போன என்னை ஒருவரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அது பெரிய ஆறுதல்.

ஆளுக்கொரு வர்ணம் பூசிய முட்டை தந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, முட்டையைப் பிடிச்சுக்கொண்டோ பொங்கப் போறியள்?" என்றாள் மனைவி.

"கீழ வைச்சால் அவையின்ர சாமிக்கு மரியாதை இல்லையெல்லே."

பனிமேல் மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டி, பானையை ஏற்றினேன். பனியில் வைத்த அடுப்பு என்ன செய்யும் என்று வெயிலில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? பால் மேலே எழும்ப எழும்ப அடுப்பு கீழே இறங்கியது. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். மான்கொம்புக்காரர் தன் தெய்வத்தைக் கூப்பிட்டு மேளம் அடித்தார். பானை முழங்கால் ஆழத்துக்குப் போய், ஒரு பக்கம் சரிந்து, நுரை தள்ளி வழிந்தது. எல்லாரும் ஓநாய்போல ஊளையிட்டார்கள். ஊரில்போல வெடி கொளுத்த முடியாத குறை அதோடு தீர்ந்தது.

நான் என்னை மறந்து சூரியனை நோக்கிக் கைகூப்பினேன். முட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்தது. அதுதான் எங்கள் முறை என்று நினைத்து இருபது பேரும் முட்டையைக் கைக்குள் வைத்துக் கும்பிட்டார்கள்.

மனைவி மட்டும் பனி உருகி விழுந்த கிடங்குக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றாள். பொங்கியதா, சரிந்து ஊற்றுப்பட்டதா? எனக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம் வழிஞ்சது?" என்று கேட்டாள்.

சூரியன் நின்ற பக்கத்தைக் காட்டினேன்.

"அப்ப சரி. நாங்கள் எங்கை நிண்டு பொங்கினனாங்கள் எண்டு அவருக்குத் தெரியும்தானே."

பனியில் முழந்தாளிட்டு, மூன்று கை அரிசியை அந்தக் கிடங்குப் பானைக்குள் போட்டாள். பிறகு, விசாரணைக்கு எந்தச் சேலை உடுக்கட்டும் என்று என்னைக் கேட்டாள்.