ருக்கு டாக்டர் வண்டியின் இடப்பக்க சீட்டு

நெலமங்கலா பெண்கள் மருந்தகத்தில் ருக்கு டாக்டருக்குக் கீழே பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தேன். அவரைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லாரும் எத்தனை பிரசவம் பார்த்தார் என்றுதான் கேட்கிறார்கள். அது பதிவேட்டில் இருக்கிறது. நான் சொல்லப் போவது அவர் மோட்டார் வண்டி வாங்கிய கதையை. நாற்பது வயது வரை அவராகவே தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் அவருக்காக மற்றவர்கள் செய்த முடிவுகள். பதினொரு வயதில் கல்யாணம். பதினான்கில் புருஷன் டைபாய்டில் போனான். அப்பா சந்தானம் ஐயங்கார் மைசூர் சமஸ்தானத்தில் சிரஸ்தாராக இருந்தவர். பெண்ணை மூலையில் உட்கார வைக்க மனமில்லாமல் மதராஸுக்கு அனுப்பி எல்.எம்.பி. படிக்க வைத்தார். படித்து வந்தவரை சர்க்கார் நெலமங்கலாவுக்குப் போட்டது. அப்பா காலமானபோது மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டையும், அந்த வீட்டில் அம்மாவையும் விட்டுப் போனார். 1933-ல் அம்மாவுக்கு இடப்பக்கம் முழுவதும் பக்கவாதம் வந்து விழுந்தது.

மல்லேஸ்வரத்திலிருந்து நெலமங்கலா பதினைந்து மைல். மருந்தகத்தை ஒட்டி டாக்டருக்கு ஒரு ஜாகை உண்டு. ஓர் அறை, ஒழுகும் ஓடு, கிணறு நூறு கஜத்துக்கு அப்பால். அதிலும் அம்மாவைக் கொண்டு வந்து வைத்துக்கொள்ள டாக்டர் கேட்டுப் பார்த்தார். "கவர்மெண்ட் ஆத்துல நான் பிராணனை விடமாட்டேன், போ" என்று கிழவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்ப முடிந்தது அந்த முகத்தை மட்டும்தான்.

ஆகவே டாக்டர் தினமும் போய் வந்தார். காலை ஏழு மணி பஸ். மாலை ஐந்து மணி பஸ், அது வரும்போது வரும். டயர் வெடித்தால் தாசரஹள்ளி மரத்தடியில் ஒரு மணி நேரம். பகலில் அம்மாவுடன் இருந்த சமையல்காரம்மாள் ஆறரைக்குத் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். டாக்டர் போய்ச் சேர எட்டு, எட்டரை. அதுவரை கிழவி நனைந்த துணியில் ஒரே பக்கமாகக் கிடப்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் பெங்களூருக்குப் போனபோது அம்மாவைப் பார்க்கும்படி கூப்பிட்டார். புரட்டிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் வாய் பிளந்திருந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"பத்து நாளா. நான் டாக்டர், சிஸ்டர். என் அம்மா முதுகுல படுக்கைப் புண்." அழவில்லை. களைத்துப்போன குரல், அவ்வளவுதான்.

படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், ஈரத்தில் விடக்கூடாது. இதற்கு மருந்து கிடையாது, ஆள்தான் உண்டு. அந்த ஆள் ஆறரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். மோட்டார் வண்டி பற்றிய பேச்சு அன்றுதான் தொடங்கியது.

பெங்களூர் சூளைப் பேட்டையில் ஓஸ்வால்டுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. எங்கள் மாதா கோயில்காரன், வாய் நீளம், கை சுத்தம். பழைய வண்டிகளை வாங்கிப் பழுது பார்த்து விற்பான். அப்போது அவனிடம் இரண்டு நின்றன. ஒன்று ஏழு குதிரைச் சக்தி உள்ள சின்ன இங்கிலீஷ் வண்டி. ஒரு பாதிரியார் வைத்திருந்தது. மேலே துணிக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு. மற்றது ஆறு சிலிண்டர் உள்ள அமெரிக்க வண்டி. கப்பல் மாதிரி நீளம்.

"சின்னது கேலனுக்கு நாப்பது மைல் ஓடும், டாக்டரம்மா. எலி மாதிரி மோந்து பாத்துட்டே போயிடும். பெரிசு ஒரு கேலனைப் பதினஞ்சு மைல்ல குடிச்சிடும். ஆனா நந்தி மலையில ஏத்தினாலும் மூச்சு வாங்காது" என்றான் ஓஸ்வால்ட்.

டாக்டர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சின்னதென்றால் அவர் சம்பளத்தில் தினமும் போய் வரலாம். பெரியதென்றால் வாரத்தில் மூன்று நாள்.

நான் பெரிய வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி, சீட்டில் மல்லாந்து படுத்தேன்.

"இன்னா சிஸ்டர், நைட் டூட்டியா? தூக்கமா?" என்றான் ஓஸ்வால்ட்.

"சும்மா இரு" என்று முழங்காலை மடக்கிப் பார்த்தேன். தாராளமாக இருந்தது. இறங்கிப் போய்ச் சின்ன வண்டியில் படுத்தேன். முட்டி மோவாயில் இடித்தது.

கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது; சிரிக்கவில்லை.

எங்கள் மருந்தகத்தில் வயிற்றைத் திறக்க வசதி கிடையாது. பிள்ளை சிக்கிக்கொண்டால் பெங்களூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். பஸ்காரன் வலி எடுத்தவளை ஏற்ற மாட்டான். தீட்டு என்பான், மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள் என்பான். மாட்டு வண்டிக்கு ஐந்து மணி நேரம். அப்படிப் போனவர்களில் சிலரை வழியிலேயே திருப்பிக் கொண்டு வந்ததை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

"சிஸ்டர், இது என் வண்டி. ஆம்புலன்ஸ் இல்லே" என்றார் டாக்டர்.

"தெரியும், டாக்டரம்மா. ஆனா வண்டி வாசல்ல நிக்கும்போது ஒருத்தி வந்து விழுந்தா, ஏத்த மாட்டேன்னு சொல்லுவீங்களா?"

அவர் பெரிய வண்டியின் பின்கதவைச் சாத்தினார். பிறகு, "வாரத்துல மூணு நாள் மட்டும் நேரத்தோட ஆத்துக்கு வந்தா அம்மா முதுகு ஆறாது. சின்னதையே எடுத்துக்கறேன்" என்றார்.

அது சரியான பதில். சின்ன வண்டியை இன்னொரு தடவை சுற்றி வந்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு நாலு திருகாணியில் நின்றது.

"ஓஸ்வால்ட், இந்த இடப்பக்க சீட்டைக் கழட்டு."

"புது சீட்டு, சிஸ்டர்! பாதிரியார் யாரையும் அதுல உக்கார வச்சதே இல்ல!"

"அதான் கழட்டுன்றேன்."

கழற்றினான். பின்சீட்டின் இடது பாதியிலிருந்து முன்னால் வரை ஒரு பலகையைச் சரித்துப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். தலை பின்னால், கால் முன்னால். ஐந்தடிப் பெண்ணுக்குப் போதும்.

"நீங்க எங்கே உக்காருவேள்?" என்றார் டாக்டர்.

"உங்க முதுகுக்குப் பின்னாடி. மாமியார் மாதிரி."

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கழற்றிய சீட்டைக் கொட்டகையில் விட்டால் ஓஸ்வால்ட் விற்றுவிடுவான் என்று நெலமங்கலாவுக்குக் கொண்டுபோய் மருந்தக வராந்தாவில் போட்டோம்.

டாக்டர் வண்டி ஓட்டப் பதினைந்து நாளில் கற்றுக்கொண்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு ஓட்டுவார். ஓஸ்வால்ட் கடைசியாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு: "மேடு ஏறலேன்னா ஃபர்ஸ்ட் கியரை நம்பாதீங்க. வண்டியைத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துங்க. இந்த எலிக்கு வாலுலதான் பலம்."

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மணிக்கு டாக்டர் வீட்டில் இருந்தார். அம்மாவைப் புரட்டினார், துடைத்தார், துத்தநாகப் பொடி போட்டார். புண்ணின் ஓரம் சிவந்து உள்ளே சுருங்கி வந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணிக்கு ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கௌரம்மா என்று பெயர், இரண்டாவது பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்திருந்தது. கிராமத்து மருத்துவச்சி அதைப் பிடித்து இழுத்திருக்கிறாள். டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவினார். பிள்ளையை உள்ளே திருப்பும் கட்டம் தாண்டிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கை நீலமாக இருந்ததிலிருந்தே எனக்குத் தெரிந்தது. மார்பியா ஊசி போட்டோம். பிள்ளையின் கையைச் சுத்தமான துணியில் சுற்றி, இடுப்புக்குத் தலையணை கொடுத்து வண்டியில் ஏற்றினோம். அவள் மாமியாரும் ஏறி என்னோடு பின்சீட்டில் நெருக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சம்மதம் சொல்ல வீட்டு ஆள் ஒருத்தி வேண்டும் என்று டாக்டரும் விட்டுவிட்டார்.

நாலு பெண்கள், ஏழு குதிரை. பீன்யா மேட்டில் பாதியில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி.

நானும் மாமியாரும் இறங்கித் தள்ளினோம். நகரவில்லை. டாக்டர் தலையை வெளியே நீட்டி மேட்டைப் பார்த்தார். பிறகு, "வால்ல ஏத்தறேன்" என்றார்.

குறுகின சாலையில் முன்னும் பின்னுமாக ஐந்து தடவை ஒடித்து வண்டியைத் திருப்பினார். இனி மேட்டுப் பக்கம் வண்டியின் பின்புறம். கௌரம்மாவின் தலை மேலேயும் இடுப்பு கீழேயும் போகும். என் சால்வையைச் சுருட்டி இடுப்புக்கு அடியில் கூடுதலாகத் திணித்தேன். டாக்டர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி ஏற்ற ஆரம்பித்தார். நான் திறந்த பக்கமாகக் கௌரம்மாவின் தோளைப் பிடித்தபடி கூடவே நடந்தேன். மாமியார் முன்னால் ஓடி ஆடுகளை விரட்டினாள்.

எதிரே கேழ்வரகு மூட்டையோடு வந்த வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு, "டாக்டரம்மா, காடிகெ மொக யாவ கடெ?" என்றான். வண்டிக்கு முகம் எந்தப் பக்கம் என்று கேட்கிறான்.

"முகம் எந்தப் பக்கம்னு அப்புறம் சொல்றேன். இறங்கித் தள்ளுடா!" என்றார் டாக்டர், அவனுக்குப் புரியும் கன்னடத்தில். அவர் ஒருவரை 'டா' போட்டு நான் கேட்டது அன்றுதான். அவன் உள்ளே கிடந்தவளைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்தான். அரை மைல் அப்படியே ஏறினோம்.

உச்சியில் தண்ணீர் ஊற்றி மறுபடி முகத்தைத் திருப்பி, மல்லேஸ்வரம் வந்தபோது ஐந்தே முக்கால். பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல். டாக்டர் வீட்டுத் தெரு முனை வந்தது. வண்டியை நிறுத்தினார். அந்தத் தெருப் பக்கம் பார்க்கவில்லை.

"சிஸ்டர், கௌரம்மாவை இனிமே மாமியார் பிடிச்சுப்பா. பாதை சமம்தான், எஞ்சினும் கொதிக்கறது. நீங்க..."

"இறங்கறேன். போங்க" என்றேன்.

சமையல்காரம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் உள்ளே போய்க் கிழவியைத் துடைத்து, துணி மாற்றி, வலப்பக்கம் புரட்டி, முதுகுக்கு அண்டை கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். தட்டில் கரைத்து வைத்திருந்த மோர் சாதத்தை நான் எடுத்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"புரட்டு, வேண்டாங்கலே. ஊட்டறதுக்கு ருக்கு வரட்டும்" என்றாள்.

"வரட்டும். பசி உங்களுக்குத்தானே" என்று தட்டை மூடிவைத்தேன். கிறிஸ்தவக் கை முதுகில் படலாம், வாயில் படக்கூடாது. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

ஏழரைக்கு டாக்டர் வந்தார். குழந்தை போய்விட்டது. கௌரம்மா பிழைத்தாள். கால் கழுவி அம்மாவுக்கு ஊட்டினார். பிறகு வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு இருவரும் பலகையில் இருந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவினோம்.

"பெரிய வண்டி வாங்கியிருக்கணுமோ, சிஸ்டர்?"

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. பெரிய வண்டியா இருந்தா திங்கள், புதன், வெள்ளிதான் ஓடும்; இன்னிக்கு அது இங்க கொட்டாயில நின்னிருக்கும், நீங்க நெலமங்கலாவுக்குப் பஸ்ல போயிருப்பீங்க. கௌரம்மா மாட்டு வண்டியில போயிருப்பா."

துணியைப் பிழிந்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

அந்த வண்டி ஏழு வருஷம் ஓடியது. யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டபோது பெரிய வண்டிக்காரர்கள் வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்திவிட்டார்கள், எலி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில பெண்களை அதில் கொண்டுபோனோம். இரண்டு தடவை வால் முன்னே. டாக்டருக்குக் கழுத்தில் ஒரு பிடிப்பு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அம்மா 1941 ஐப்பசியில் தன் வீட்டில், தன் கட்டிலில் போனாள். முதுகில் வடு ஒன்றுதான் இருந்தது, புண் இல்லை.

அதற்கப்புறம் டாக்டர் தினமும் பதினைந்து மைல் போய் வருவதற்குக் காரணம் இல்லை. அதற்குள் மருந்தகத்துக்கு ஆஸ்பத்திரி வேனும் வந்திருந்தது. ஓடு மாற்றிக் கொடுத்தார்கள், ஜாகைக்கே வந்துவிட்டார். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஓஸ்வால்ட் நெலமங்கலாவுக்கு வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "இடப்பக்க சீட்டு எங்க, சிஸ்டர்? அது இல்லாம எவன் வாங்குவான்?" என்றான்.

வராந்தாவைக் காட்டினேன். ஒரு நிறைமாதக்காரி அதில் காலை நீட்டிச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாகக் காலை எட்டு மணிக்குக் காத்திருக்கும் பெண்களுக்குள் அந்த இடத்துக்குத்தான் சண்டை.

ஓஸ்வால்ட் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தான்.

"நீயே அவளை எழுப்பிக்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். அடுத்த நோயாளி காத்திருந்தாள்.

அவன் அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. சீட்டு இல்லாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.