அக்காவுக்குத் தெரியாத கேள்வி

வானொலிக்காரர்கள் அட்டனுக்கு வந்து பொது அறிவுப் போட்டியை ஒலிப்பதிவு செய்யப் போகிறார்கள் என்று அக்காதான் முதலில் சொன்னாள். அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

சனிக்கிழமை மாலையில் அந்தப் போட்டி ஒலிபரப்பாகும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தில், வேலை மேற்பார்க்கும் கங்காணி வீட்டில் மட்டும்தான் ரேடியோ இருந்தது. அந்த வீட்டம்மா அதை ஜன்னலோரம் வைத்துவிடுவார். அக்கா அந்த நேரம் பார்த்துத் துணி மூட்டையோடு, பக்கத்தில் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போவாள். துவைத்துக்கொண்டே, போட்டிக்கு வந்தவர்கள் யோசிக்கும்போது இவள் விடையைச் சொல்லிவிடுவாள். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். ஒரு தடவை காதில் விழுந்தது எதுவும் அவளுக்கு மறக்காது.

அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். பார்வையாளருக்கான அனுமதிச் சீட்டு இரண்டு வந்தது. பார்க்க மட்டும்தான். போட்டியாளர்களை முன்பே கடிதம் மூலம் தெரிவு செய்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லாத நாள். அக்காவின் கணவர், மச்சான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா பொங்கலுக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ரேடியோவுல சேலை தெரியாதுக்கா" என்றேன்.

"ரயில்ல தெரியுமில்ல" என்றாள்.

மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைத்தது. தலவாக்கலையில் கூட்டம் ஏறியது. அதில் பாதிப்பேர் சினிமாவுக்குப் போகிறவர்கள் என்று அக்கா கணித்தாள். கொட்டகலை தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தி, வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அட்டன் வரும்வரை அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒலிப்பதிவு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேடையில் நான்கு நாற்காலிகள், ஒரு மேசை, அதன்மேல் ஒலிவாங்கி. பக்கவாட்டில் இரண்டு பெரிய நாடாச் சக்கரங்கள் வைத்த இயந்திரம் இருந்தது. காதில் கருவி மாட்டிய ஒருவர் அதன்முன் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மூன்றாவது வரிசை.

நான்கு நாற்காலிகளில் மூன்றில்தான் ஆள் இருந்தது. புசல்லாவையிலிருந்து வரவேண்டியவர் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த அறிவிப்பாளர் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, சபையில் யாராவது ஒருவர் வர முடியுமா என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அக்கா தன் பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள். அட்டனில் துணிக்கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் மூன்றுக்கும் சரியாகச் சொன்னார். மற்ற இருவரும் தடுமாறினார்கள். கடைசியாக அக்கா. முதல் இரண்டு கேள்விகளுக்கும் பட்டென்று விடை சொன்னாள். சபை கைதட்டியது. அறிவிப்பாளர் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். கொழுந்து பறிப்பதாகச் சொன்னாள்.

"அப்படியானால் மூன்றாவது கேள்வி உங்களுக்கு மிகச் சுலபம். தேயிலைப் பூவின் நிறம் என்ன?"

"மஞ்சள்" என்றாள் அக்கா.

சொன்ன உடனேயே அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. தேயிலைப் பூ வெள்ளை. நடுவில்தான் மஞ்சள். விதைக்காக வளரவிட்ட தேயிலை மரங்கள் நிற்கும் பக்கமாக நாங்கள் சின்ன வயதில் போய்ப் பொறுக்கி விளையாடிய பூ. அறிவிப்பாளர் வருத்தப்படுவதுபோலக் குரலை இழுத்து, "தேயிலையோடு வாழ்பவருக்கே தேயிலைப் பூ தெரியவில்லையே" என்றார். சபை சிரித்தது. துணிக்கடை இளைஞருக்கு மேசைக் கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அக்கா கீழே இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் எழுந்து வாசல்வரை வந்துவிட்டோம். அப்போது இயந்திரத்தின் முன் இருந்தவர் கையைத் தூக்கி அறிவிப்பாளரைக் கூப்பிட்டார். இருவரும் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார்கள். நாடாவைத் திருப்பி ஓடவிட்டார்கள். பேச்சு வரவில்லை, 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் வந்தது. ஒன்றும் பதிவாகியிருக்கவில்லை.

அறிவிப்பாளர் ஒலிவாங்கி இல்லாமலே உரக்கச் சொன்னார். "ஒருத்தரும் போகாதேங்கோ. முதலிலிருந்து திரும்பச் செய்வோம். அதே கேள்விகள், அதே பதில்கள். நீங்களும் அதே இடத்தில் கைதட்ட வேணும், அதே இடத்தில் சிரிக்க வேணும்."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். அக்கா மேடைக்குப் போனாள், ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் மஞ்சள்னு சொல்ல மாட்டேங்க" என்றாள்.

அறிவிப்பாளருக்குப் புரியவில்லை. "முதல் அப்படித்தானே அம்மா சொன்னீங்கள்?"

"அப்ப வாய் தவறிருச்சு. இப்பத் தெரிஞ்சுகிட்டே எப்படிச் சொல்றது? வெள்ளைன்னுதான் சொல்லுவேன்."

"வெள்ளையெண்டு சொன்னால் உங்களுக்கும் மூன்று சரி. பரிசு ஒருத்தருக்குத்தான். அதைக் கொடுத்தாச்சு."

துணிக்கடை இளைஞர் கடிகாரப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். அவர் கை பெட்டியின் மேல் இறுகியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருக்க வேண்டும்.

"பரிசு அவருக்கே இருக்கட்டும். எனக்குக் கேள்விய மாத்துங்க. தெரியாததாக் கேளுங்க. தெரியாதுன்னு சொல்லிடறேன்" என்றாள்.

அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். கையிலிருந்த காகிதங்களைப் புரட்டி, "சரி, ஒலிப்பதிவுக்கு முன்னமே கேட்டுப் பார்க்கிறன். இலங்கையின் மிக நீளமான ஆறு?" என்றார்.

"மகாவலி."

"உலகத்திலேயே பெரிய பறவை?"

"தீக்கோழி. இது போன வருசம் கேட்டதுங்க."

சபையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அறிவிப்பாளர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். சூரியனுக்கு மிக அருகிலுள்ள கோள் எது என்று கேட்டார். அதற்கும் விடை வந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இயந்திரத்தின் முன் இருந்தவர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"நோர்வே நாட்டின் தலைநகரம்?"

அக்கா யோசித்தாள். "அது தெரியாதுங்க" என்றாள்.

அறிவிப்பாளர் பெருமூச்சு விட்டு இயந்திரக்காரருக்குச் சைகை காட்டினார். அந்த நேரம் முன்வரிசை மாணவன் ஒருவன் "ஒஸ்லோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். மண்டபமே அவனைத் திரும்பிப் பார்த்தது. இப்போது அக்காவுக்கு அதுவும் தெரிந்துவிட்டது. அவள் அறிவிப்பாளரைப் பார்த்தாள். கொஞ்சம் சங்கடப்படுவதுபோல இருந்தது. அவர் காகிதங்களை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார்.

"இனி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. பியானோ வாத்தியத்தில் எத்தனை கட்டைகள்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கும் தெரியாது. அக்கா தலையை ஆட்டினாள். ஒலிப்பதிவு தொடங்கியது.

இரண்டாம் தடவை நடந்ததை ஒரு நாடகம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கடை இளைஞர் நெற்றியைத் தேய்த்து, மேலே பார்த்து, முதல் தடவையைவிட நன்றாக யோசித்தார். தவறாகச் சொன்னவர்கள் அதே தவறுகளைத் தயங்காமல் சொன்னார்கள். நாங்கள் கைதட்டச் சொன்ன இடத்தில் கைதட்டினோம். அக்காவிடம் மூன்றாவது கேள்வி வந்தது. அவள் நேராக உட்கார்ந்து, "தெரியாதுங்க" என்றாள். எண்பத்தெட்டு என்று அறிவிப்பாளர் விடை சொன்னார். அந்த இடத்தில் கைதட்டும்படி எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சபை தட்டியது.

நாங்கள் போகவேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்ததற்காக ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடையில் வாங்கிய வடையை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். அக்கா பெரிய காரியம் செய்துவிட்டாள், பொய் சொல்ல மறுத்துவிட்டாள் என்று என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல புள்ள" என்றாள். "நாளைக்கு நான் மலையில நிக்கணும். தேயிலைப் பூ தெரியாதவன்னு ரேடியோவுல வந்துச்சுன்னு வையி, கங்காணி அதையே சொல்லிக் காட்டிக்கிட்டு இருப்பாரு. பியானோ தெரியலைன்னா யாரு கேக்கப் போறா?"

"அப்படின்னா அவங்க சொன்னப்பவே வெள்ளைன்னு சொல்லி அடம் பிடிச்சிருக்கலாமே. உனக்கும் பரிசு குடுத்திருப்பாங்க."

"அந்தப் பையன் பெட்டியப் பிடிச்சிருந்ததப் பார்த்தியா? அப்புறம் எப்படிக் கேக்கிறது."

வட்டகொடையில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மச்சான் பிள்ளைகளோடு ஸ்டேசனுக்கே வந்து நின்றார். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "மெசினு கெட்டுப்போச்சு" என்று மட்டும் அக்கா சொன்னாள். மேடையில் ஏறியதை வீட்டுக்குப் போய்ச் சோறு போடும்போதுதான் சொன்னாள்.

நாலு வாரம் கழித்து ஒலிபரப்பானது. லயத்தில் பாதிப்பேர் கங்காணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். கங்காணி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அக்காவின் பேர் சொன்னதும் பெண்கள் அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். முதல் விடைக்கும் இரண்டாவது விடைக்கும் கங்காணி தலையாட்டினார். மூன்றாவதற்கு "தெரியாதுங்க" என்று வந்ததும், "சரிதானே, அது வெள்ளைக்காரன் சாமான்" என்றார். பியானோ என்றால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். ஆர்மோனியம் மாதிரி, ஆனால் பெரியது, எண்பத்தெட்டுக் கட்டை என்று அக்கா விளக்கினாள்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். மச்சான் மட்டும் அங்கேயே நின்று, "அது ஒன் கொரலு மாதிரியே இல்லையே" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. யாரோ ஒரு பொம்பளை பேசுற மாதிரி" என்றாள் அக்கா. அன்று அவள் வருத்தப்பட்டுச் சொன்னது அது ஒன்றைத்தான். சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.