மூன்றாவது வரிசை

எந்தப் பட்டியல் ஃபோனில் திறந்தாலும் அவன் விரல் மூன்றாவது வரிசைக்குத்தான் போகும். கல்லூரியில் தேர்வு முடிவு வந்த அன்றுகூடத் தன் எண்ணை விட்டுவிட்டு, மூன்றாவதாக இருந்த யாரோ ஒருவனின் மதிப்பெண்ணைத்தான் முதலில் திறந்தான். ஆறு வருடம் நண்பனாகப் பக்கத்திலிருந்து நான் பார்த்த பழக்கம். ‘மூணாவது’ என்பதே அவன் பெயராகிவிட்டது.

காரணம் கேட்டால் தயாராக வைத்திருப்பான்.

“முதல் வரிசையை ஆப் எழுதினவனே பத்து தடவை தட்டிப் பாத்திருப்பான்டா. ரெண்டாவது அதைப் பாத்து நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். மூணாவதை எவனும் கண்டுக்க மாட்டான். எங்க வீட்ல நான் மூணாவது, எனக்குத் தெரியாதா?”

உண்மைதான். சட்டை மட்டுமல்ல, கண்ணாடி ஃபிரேம்கூட அண்ணன்கள் இருவரும் போட்டு ஓய்ந்த பிறகே அவனிடம் வந்தது. அவன் அப்பா லாரி ஓட்டினார். என் அம்மா ஆலையில் சட்டைக்குக் காலர் தைத்தாள். இரண்டு வீட்டிலும் முதல் பட்டம் எங்களுடையது.

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் நிறுவனத்துக்கு ஆப் செய்துகொடுத்த ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் புரோகிராம் எழுதுவேன், அவன் சோதிப்பான். ஒரு வருட ஒப்பந்தம். முடிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்று அலுவலகத்தை நடத்திய மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“யாருக்குக் கிடைச்சா என்னடா, நீ வேற நான் வேறயா?” என்றான் அவன்.

பதினோராவது மாதம் ஒரு புகார். மெக்கானிக்கின் ஆப்பில் அன்றைக்குப் போகவேண்டிய வீடுகள் வரிசையாக வரும். ஒரு வீட்டைத் தட்டினால் அதன் முகவரியும் கோளாறும் அடுத்த திரையில் வர வேண்டும், வரவில்லை. இரண்டு நாளில் சரிசெய்தேன். ஆனால் வீட்டின் அடையாள எண்ணை அனுப்பாமல், அது மேலிருந்து எத்தனையாவது என்பதை அடுத்த திரைக்கு அனுப்பியிருந்தேன். முடித்த வீடுகளை மறைத்துவிட்டுப் பாக்கி வீடுகளை மட்டும் பார்த்தால் வரிசை மாறும். தட்டியது ஒரு வீடு, திறப்பது வேறு வீடு. முதல் வீடு பாக்கியில் இருந்ததால் அது மட்டும் சரியாகத் திறந்தது. நான் அதை மட்டும்தான் தட்டிப் பார்த்தேன். மூன்றாவதைத் தட்டத்தான் அவன் இருக்கிறானே.

“சூப்பர்டா, அனுப்பு” என்றான்.

திங்கட்கிழமை ஒரு மெக்கானிக், யாரும் கூப்பிடாத வீட்டில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவியைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டார். பதினொரு மணிக்கு மேடம் எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்தார்.

“டெஸ்ட்ல ஓகேன்னு போட்டிருக்கே?”

“நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு மேடம். அப்புறம் இவன் எதையாவது மாத்தியிருப்பான்.”

என்னைப் பார்க்காமலே சொன்னான். நான் எதையும் மாற்றவில்லை.

இருக்கைக்கு வந்து, சோதனையின்போது அவன் பதிவு செய்திருந்த திரை வீடியோவைத் திறந்தேன். பாக்கி வீடுகளின் பட்டியல். முதல் வரிசையில் ஒரு தட்டு. சரியான வீடு. பட்டியலுக்குத் திரும்பினான். பிறகு மூன்றாவது வரிசையைத் தட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். தட்டவில்லை. வீடியோ முடிந்தது.

மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். “ஏன்டா மூணாவதைத் தட்டல?”

“அவசரம்டா.”

“ஆறு வருஷத்துல உனக்கு அவசரமே வந்ததில்லையா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “மேடம்கிட்ட நானே சொல்றேன், நீ எதையும் மாத்தலன்னு. ஒரு நாள் டைம் குடுடா.”

கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த நிரந்தர நியமனக் கடிதத்தில் அவன் பெயர் இருந்தது. அதன் பிறகு வீடியோவை மேடத்திடம் காட்டினேன். “எழுதினது நீதானே?” என்றார்.

“நிரந்தரம் ஆச்சாடா?” என்று அம்மா கேட்டாள். “இல்லம்மா” என்றேன். “அந்தப் பையனுக்கு?” ஆச்சு என்றதும், “அவனுக்காவது கிடைச்சுதே” என்று சந்தோஷப்பட்டாள். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.

அவன் வேண்டுமென்றே விட்டானா, அன்றைக்கு மட்டும் நிஜமாகவே அவசரமா? இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் டைம் கேட்டான். இரண்டு வருடம் ஆகிறது. மேடத்திடம் அவன் சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கியம் இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.