படத்தில் விழாத அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவரை ஃபைல் அக்கா என்றால்தான் தெரியும். பழைய கடிதக் கட்டுகள் அடுக்கிய அறையில் பதினாறு வருடமாக வேலை. இன்னமும் ஒப்பந்த ஊழியர். ஆண்டுதோறும் மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு உண்டு. மகள் நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருடம்.

முழங்கால் வலி, அவர் எங்கும் போவதில்லை. ஆட்கள்தான் வருவார்கள்.

"அக்கா, இந்த வாடிக்கையாளர் முன்னாடி எதுக்குக் கோவிச்சுக்கிட்டார்?"

"மூணாவது அலமாரி, நீலக் கட்டு. படிச்சிட்டுப் போன் பண்ணு. இல்லன்னா மறுபடியும் வாங்கிக் கட்டிக்குவ."

இந்த வருடம் புது மேலாளர் ஓர் ஆய்வு வைத்தார். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கிறீர்கள்? பெயர்ப் பட்டியலில் டிக் அடித்தால் போதும். அதை வைத்துக் கணினி ஒரு படம் வரையும்: ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே ஒரு கோடு. கணினியில் ஏற்றியது நான். பட்டியலில் ஒப்பந்த ஊழியர்கள் இல்லை. ஐம்பத்திரண்டு படிவங்களில் முப்பத்தொன்றின் ஓரத்தில் பேனாவால் 'ஃபைல் அக்கா' என்று எழுதியிருந்தது. பட்டியலில் இல்லாததைச் சேர்க்காதே என்று உத்தரவு. விட்டுவிட்டேன்.

படத்தில் விழாதவர் யாருக்கும் வேண்டாதவர் ஆனார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இரண்டாம் நாள் அந்தப் படிவங்களை மறுபடி எடுத்தேன். பிறகு ஓரத்து எழுத்தையும் ஏற்றி, புதுப் படம் கொண்டுபோனேன். நட்டநடுவில் பெரிதாய் ஒரு புள்ளி. பாதிக் கோடுகள் அதில்தான் போய் முட்டின.

மேலாளர் அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தார்.

"எல்லாரும் ஒரே ஆள்கிட்டயா போறாங்க? ஆபத்தாச்சே! அவங்க ஒரு நாள் வரலன்னா எல்லாம் நின்னுடும். மூணு மாசம் நீட்டிக்கலாம். அதுக்குள்ள தெரிஞ்சதையெல்லாம் மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடட்டும்."

அக்காவிடம் சொன்னபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"படத்துல இல்லன்னாலும் வேண்டாம், இருந்தாலும் வேண்டாமா? நல்லா வரைஞ்ச தம்பி." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "மூணு மாசம் எந்த மூலைக்கு?"

"நான் முதல்லயே சேர்த்திருந்தா..."

"விடு. அப்பவும் இதத்தான் சொல்லியிருப்பார்."

வாசலில் விற்பனைப் பிரிவுக்காரர் தலையை நீட்டினார். "அக்கா, ஒரே ஒரு சந்தேகம்."

அக்கா ஒரு நோட்டை மேசைமேல் தள்ளினார். "உக்காந்து எழுதிக்க. அடுத்த தடவை என்னக் கேக்கக் கூடாது."

அவர் விளையாட்டென்று எண்ணிச் சிரித்தார். அக்கா பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.